மேகத்தை மேகம் என்றே எழுதியவர்: அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி

நமது மேடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அடிக்கடி வலம் வரும் பெயர்களில் ஒன்று அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. மேலைநாட்டவர் கேலக்ஸி என்ற சொல்லின் பொருளை அறியும் முன்பே அதைக் கண்டுபிடித்த முஸ்லிம் விஞ்ஞானி என்று ஒரே வரியில் அவரை அறிமுகப்படுத்திவிடுகிறோம். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரியை அவரே படித்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாரா? அவருடைய வாழ்க்கையையும் நூலையும் பார்க்கும்போது, போட்டிருக்க மாட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஏன் என்பதை விளக்குவதற்காகவே இந்தக் கட்டுரை. அவர் உண்மையில் செய்த வேலை, நாம் அவர் மீது ஏற்றிவைக்கும் பெருமையைவிடப் பெரியது.

ரய்யிலிருந்து ஷீராஸுக்கு

அபுல் ஹுசைன் அப்துர் ரஹ்மான் பின் உமர் அஸ்ஸூஃபி ஹிஜ்ரி 291 முஹர்ரம் மாதத்தில், அதாவது கி.பி. 903 டிசம்பரில், ரய் நகரில் பிறந்தார். இன்றைய தெஹ்ரானை ஒட்டியுள்ள பழம்பெரும் ஊர் அது. பெயரில் ஸூஃபி என்று இருந்தாலும் வரலாறு அவரை ஒரு தரீக்காவின் ஷைகாக நினைவில் வைத்திருக்கவில்லை. வானத்தைப் பார்த்து எழுதியவராகவே வைத்திருக்கிறது.

அப்போது பக்தாதில் அப்பாஸிய கலீஃபா பெயரளவில் இருந்தார். ஆட்சி புவைஹி அமீர்களின் கையில் இருந்தது. அவர்களில் வலிமை மிக்கவரான அழுதுத் தவ்லாவின் அவையில் அஸ்ஸூஃபிக்கு இடம் கிடைத்தது. இஸ்ஃபஹானிலும் பிறகு ஷீராஸிலும் அவர் பணி நடந்தது. அமீர் அவரைவிட ஏறத்தாழ 33 வயது இளையவர். இலக்கணத்தை அபூ அலி அல்ஃபாரிஸியிடமும், நிலையான விண்மீன்களைப் பற்றி அஸ்ஸூஃபியிடமும் கற்றதாக அந்த அமீர் பிற்காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம். ஆட்சியாளர் ஒருவர் தம் ஆசிரியர்களின் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்ட காலம் அது.

அரண்மனைகளில் வானவியலாளருக்கு மதிப்பு கிடைத்ததற்கு ஜோதிட ஆசையும் ஒரு காரணம் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் தொழுகை நேரத்துக்கும், கிப்லாவுக்கும், பாலைவனப் பயணத்துக்கும், பருவத்தைக் கணிக்கவும் வானம் தேவைப்பட்டது. ஆயிரம் ஆண்டுகள் தாண்டி நிலைத்தது இந்தப் பயனுள்ள பக்கம்தான்.

ஷீராஸில் பெரிய வளையக் கருவியைக் கொண்டு சூரியனின் ஏற்ற இறக்கங்களை அவர் அளந்ததை அல்பிரூனி குறிப்பிடுகிறார். உஸ்துர்லாப் கருவியின் பயன்பாடுகளைப் பற்றி விரிவான நூல் எழுதினார். அமீருக்காக அவர் செய்த வெள்ளி வான்கோளம் ஹிஜ்ரி 435-ல் கெய்ரோ நூலகத்தில் இருந்ததாக அதைக் கண்ட ஒருவர் பதிவு செய்திருக்கிறார். ஹிஜ்ரி 376 முஹர்ரமில், கி.பி. 986 மே மாதத்தில், அவர் வஃபாத்தானார். சந்திர ஆண்டுக் கணக்கில் 85 வயது நிறைவு.

நாற்பத்தெட்டு கூட்டங்கள், இரண்டிரண்டு படங்கள்

கி.பி. 964-ஐ ஒட்டி அவர் எழுதி முடித்த நூலின் பெயர் சுவருல் கவாகிப். விண்மீன்களின் உருவங்கள் என்று பொருள். அதுவரை வானவியலின் அடிப்படையாக இருந்தது கிரேக்க அறிஞர் தாலமியின் பட்டியல். 48 கூட்டங்கள், ஆயிரத்துக்குச் சற்று அதிகமான விண்மீன்கள். அதற்குப் பின் வந்த பலர் பட்டியலைப் பார்த்துப் பட்டியல் எழுதினார்கள், கோளத்தைப் பார்த்துக் கோளம் செய்தார்கள். வானத்தைப் பார்க்காமலேயே வானத்தைப் பற்றிப் பேசிய அப்படிப்பட்டவர்களை அஸ்ஸூஃபி தம் முன்னுரையில் கடுமையாகவே சாடுகிறார்.

அவர் செய்தது எளிய வேலை. ஆனால் நீண்ட வேலை. தாலமி சொன்ன விண்மீன்களை ஒவ்வொன்றாகத் தம் கண்ணால் பார்த்தார். ஒளி எவ்வளவு, நிறம் என்ன, சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்தார். தாலமி எழுதியதற்கு மாறாக இருந்தால் மாறாக இருக்கிறது என்று எழுதினார். கிராமத்து அரபிகள் அந்த விண்மீனை என்ன பெயரில் அழைத்தார்கள் என்பதையும் சேர்த்தார். தாலமியின் காலத்திலிருந்து விண்மீன்களின் இடக்கணக்கு மெல்ல நகர்ந்திருப்பதால், 66 ஆண்டுக்கு ஒரு பாகை என்ற கணக்கில் அட்டவணை முழுவதையும் 12 பாகை 42 கலை நகர்த்தினார்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு படங்கள் வரைந்தார். ஒன்று, பூமியில் நின்று நாம் அண்ணாந்து பார்ப்பது போல. மற்றொன்று, வான்கோளத்தின் மீது வெளியிலிருந்து பார்ப்பது போல. இரண்டும் கண்ணாடிப் பிம்பம் போல இடம் வலம் மாறியிருக்கும். கோளத்தைப் பார்த்துப் பழகியவர் வானத்தைப் பார்க்கும்போது தடுமாறக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கோளத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து அவர் உருவங்களைப் படியெடுத்த விதத்தையும் அல்பிரூனி சொல்கிறார்.

மீனின் வாயருகே ஒரு மேகம்

கிரேக்கர்கள் ஆண்ட்ரோமீடா என்று அழைத்த பெண் உருவம் இருக்கும் அதே பகுதியில் அரபிகள் ஒரு பெரிய மீனைக் கண்டார்கள். அந்த மீனின் வாயருகே மேகம் போன்ற ஒரு கறை இருப்பதாக அஸ்ஸூஃபி எழுதினார், படத்தில் புள்ளிகளாகவும் குறித்தார். இன்று ஆண்ட்ரோமீடா விண்மீன் திரள் என்று நாம் அழைப்பதைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துப் பதிவு அதுதான். ஐரோப்பாவில் சைமன் மாரியஸ் தொலைநோக்கி வழியாக அதைப் பார்த்து எழுதியது 1612-ல்.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். அது தூரத்து விண்மீன் திரள் என்று அஸ்ஸூஃபிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. 1920-களில் எட்வின் ஹப்பிள், ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை அந்த மேகத்துக்குள் கண்டு, அவற்றைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்ட பிறகே அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனித் திரள் என்று உறுதியானது. இன்றைய கணக்கில் தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டுகள். எனவே அஸ்ஸூஃபி கேலக்ஸியைக் கண்டுபிடித்தார் என்பது துல்லியமான பேச்சல்ல. அவர் கண்டது ஒரு மேகம், எழுதியதும் மேகம் என்றே. அதை ஒரு விண்மீன் என்று எழுதியிருந்தால் அட்டவணை அழகாக இருந்திருக்கும். விட்டுவிட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் இரண்டையும் செய்யவில்லை.

கேட்டதைக் கேட்டதாகவே

தெற்கு வானத்தில் ஸுஹைல் என்று அரபிகள் அழைக்கும் ஒளி மிக்க விண்மீன் ஒன்று உண்டு. தமிழில் அதுவே அகத்திய விண்மீன். ஷீராஸிலிருந்து பார்த்தால் அது அடிவானத்தை ஒட்டியே தெரியும். அதற்கும் கீழே, இராக்கிலோ நஜ்திலோ தெரியாத வெண்மையான ஒளிகள் இருப்பதாகவும், திஹாமா கடற்கரை மக்கள் அவற்றைப் பகர், அதாவது மாடுகள், என்று அழைப்பதாகவும் மக்கள் சொன்னதை அஸ்ஸூஃபி பதிவு செய்கிறார். தாலமி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதையும், அந்தச் செய்தி உண்மைதானா என்று உறுதி செய்ய முடியவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்.

ஹதீஸ் கலையைப் படித்தவர்களுக்கு இந்த நடை புதிதல்ல. நேரில் கண்டது வேறு, காதால் கேட்டது வேறு. கேட்டதானால் யார் சொன்னது, எந்த ஊரார் சொன்னது என்று பிரித்துச் சொல்வது அமானிதம். முஹத்திஸ்கள் அறிவிப்பில் காட்டிய அதே பேணுதலை இவர் வானத்தில் காட்டினார்.

அந்த மாடுகள் எவை? பெரிய மெகல்லன் மேகம் என்று இன்று அழைக்கப்படும் விண்மீன் திரளாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. நாமும் இருக்கலாம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

அந்த மேகங்களுக்குள் இன்று தெரிவது

அஸ்ஸூஃபி குறித்துவைத்த அந்த மேகம் ஒரு சுருள் திரள். கோடிக்கணக்கான விண்மீன்களும் வாயுவும் தட்டுப் போலப் பரவி, நடுவைச் சுற்றிச் சுழல்கின்றன. பாடப் புத்தகப் படங்களில் இத்தகைய திரள்கள் ராட்டினம் போல இருபுறமும் ஒன்றுபோல இருக்கும். உண்மையில் அப்படி இல்லை.

1980-ல் பால்ட்வின், லிண்டன்பெல், சன்சிசி ஆகிய மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல சுருள் திரள்களில் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட நீண்டும் கனத்தும் கிடக்கிறது என்று அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். இதை அறியும் வழி சுவையானது. ஹைட்ரஜன் வாயு அனுப்பும் ரேடியோ அலையைப் பிடித்தால், சுழலும் தட்டின் ஒரு பாதி நம்மை நோக்கி வருவதும் மறுபாதி விலகிப் போவதும் தனித்தனியே பதிவாகும். வரைபடத்தில் மாட்டின் இரு கொம்புகள் போல இரண்டு முனைகள் தெரியும். இரு பாதியும் சமம் என்றால் இரு கொம்பும் சமம். ஆனால் 1994-ல் ரிக்டரும் சன்சிசியும் ஏராளமான திரள்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, குறைந்தது பாதித் திரள்களில் கொம்புகள் சமமாக இல்லை. விண்மீன்களின் பரவலைப் பார்த்த மற்றோர் ஆய்வில் மூன்றில் ஒரு பங்கு ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வடிவம் மட்டுமல்ல, வேகமும் அப்படித்தான். சில திரள்களில் நடுவிலிருந்து வெளியே போகப் போகச் சுழற்சி வேகம் ஒரு பக்கம் விரைவாக ஏறுகிறது, மறுபக்கம் மெதுவாக ஏறுகிறது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. உள்ளே இருப்பவை விரைவில் சுற்றி முடிக்கின்றன, வெளியே இருப்பவை அதிக காலம் எடுத்துக்கொள்கின்றன. எனவே எந்தச் சாய்வும் சில சுற்றுகளிலேயே சுருண்டு கலைந்துபோக வேண்டும். ஆனாலும் இத்தனை திரள்களில் அது நிலைத்திருக்கிறது. அருகில் கடந்துபோன மற்றொரு திரளின் ஈர்ப்பு, ஒரு பக்கமாக வந்து சேரும் வாயு, நடுவிலிருந்து விலகி நிற்கும் கரும்பொருள் என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. இந்தத் துறையில் உலகம் எடுத்துப் பார்க்கும் விரிவான ஆய்வுத் தொகுப்பை 2009-ல் பிரான்சின் பிரான்சுவாஸ் கோம்பஸுடன் சேர்ந்து எழுதியவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியை சந்தா ஜோக். புனே அருகிலுள்ள ராட்சத ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளைக் கொண்டு, கூட்டமாக வாழும் திரள்களில் இந்தச் சாய்வு அதிகம் என்று காட்டிய ஆய்விலும் அவர் பங்கு உண்டு.

அஸ்ஸூஃபி கண்ட ஆண்ட்ரோமீடாவும் இதற்கு விலக்கல்ல. அதன் தட்டு ஓரங்களில் வளைந்திருக்கிறது. அதில் தெரியும் வளையத்தின் நடுவும் திரளின் நடுவும் ஒரே இடத்தில் இல்லை. 1993-ல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அதன் கருவைப் பார்த்தபோது அங்கே இரண்டு ஒளிப்புள்ளிகள் இருந்தன. அதிக ஒளியுள்ளது நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் ஸ்காட் ட்ரெமைன் தந்த விளக்கம் நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும். குமுளி மலைப்பாதையில் வாகனங்கள் கொண்டை ஊசி வளைவில் மெதுவாகப் போவதால் அங்கேதான் வரிசை நெரிசலாகத் தெரியும். அதுபோல, நீள்வட்டப் பாதையில் சுற்றும் விண்மீன்கள் தூர முனையில் வேகம் குறைவதால் அங்கே நெருங்கித் தெரிகின்றன. ஓர் ஒளிப்புள்ளி அப்படித் தோன்றியதே.

பெரிய மெகல்லன் மேகமோ இந்தச் சாய்வுக்கு உலகமே காட்டும் உதாரணம். அதற்குத் தெளிவான சுருள் கை ஒன்றே ஒன்று. நடுவிலிருக்க வேண்டிய பட்டை ஒதுங்கிக் கிடக்கிறது. நம் பால்வீதியும் ஓரங்களில் ஒரு பக்கம் மேலாகவும் மறுபக்கம் கீழாகவும் வளைந்திருப்பது 1957-ல் தெரியவந்தது. அந்த வளைவுக்கு மெகல்லன் மேகத்தின் ஈர்ப்பே காரணமாக இருக்கலாம் என்று சொல்கிறார்கள்.

கோணல் என்றால் குறையா?

இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் சில பெற்றோர் திகைக்கக்கூடும். படைப்பில் குறை இல்லை என்று ஓதுகிறோமே, பிறகு பாதித் திரள்கள் கோணலாக இருக்கின்றன என்கிறார்களே என்று. கேள்வி நியாயமானது. இது ஈமானைப் பற்றிய கேள்வி என்பதால், பிள்ளையின் வாயை அடைத்து அனுப்பிவிடக் கூடாது.

வானில் இருப்பவை முழு வட்டமாக, மாசற்ற சமச்சீராக இருந்தாக வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. அது குர்ஆனின் கொள்கை அல்ல. சூரத்துல் முல்க் தன் தொடக்கத்தில் நம்மை வானத்தைப் பார்க்கச் சொல்கிறது. பிளவு தெரிகிறதா என்று மீண்டும் மீண்டும் பார்க்கச் சொல்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் என்று அது எங்கும் சொல்லவில்லை. சூரத்துர் ரஹ்மான் வானத்தை உயர்த்தியதோடு சேர்த்துச் சொல்வது மீஸானை, தராசை.

தராசு எதைச் சமன் செய்கிறது? போடியில் ஏலக்காய் நிறுக்கும் தராசைப் பாருங்கள். ஒரு தட்டில் இரும்புப் படிக்கல், மறு தட்டில் ஏலக்காய்க் குவியல். உருவத்தில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் முள் நேராக நிற்கிறது. சமன் என்பது எடையிலும் விதியிலும் இருக்கிறது, தோற்றத்தில் அல்ல. நம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக் குலையும் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. நம் இதயமும் சற்று இடப்பக்கம் ஒதுங்கித்தான் துடிக்கிறது. யாரும் இவற்றைக் குறை என்பதில்லை. சாய்ந்த திரளில் இருக்கும் ஒவ்வொரு விண்மீனும், சாயாத திரளில் இருப்பது கட்டுப்படும் அதே ஈர்ப்பு விதிக்கே கட்டுப்படுகிறது. அந்தச் சாய்வே அத்திரளின் பக்கத்தில் யார் கடந்துபோனார், எந்தப் பக்கம் வாயு வந்தது என்ற வரலாற்றைச் சொல்லும் சாட்சியாகவும் இருக்கிறது.

வட்டம்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வானத்தைப் பார்த்தவர்கள் வட்டத்தையே கண்டார்கள். இருப்பதை எழுதுவேன் என்று பார்த்தவர் மேகத்தைக் கண்டார்.

நம் பள்ளத்தாக்கிலிருந்து

அஸ்ஸூஃபியைவிட ஒரு வகையில் நமக்கு வாய்ப்பு அதிகம். ஷீராஸ் வடக்கே 29 பாகைக்கும் அப்பால் இருக்கிறது. மெகல்லன் மேகம் அங்கே ஒருபோதும் உதிப்பதில்லை. கம்பம் 10 பாகைக்கும் சற்றுக் குறைவில் இருக்கிறது. நிலவு இல்லாத ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் ஸுஹைல் தெற்கே நன்கு மேலேறி நிற்கும். அதற்கும் கீழே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகை உயரத்தில், மலையும் ஊர் வெளிச்சமும் மறைக்காத திறந்த இடத்திலிருந்து அந்த மேகத்தைத் தேடலாம். ஆண்ட்ரோமீடாவுக்கு நவம்பர், டிசம்பரில் இஷா தொழுது முடித்து வடக்கே நிமிர்ந்து பார்த்தால் போதும். அவர் ஒன்றைப் பார்த்தார், மற்றொன்றைக் கேள்விப்பட்டதோடு சரி. நம் பிள்ளைகள் இரண்டையும் பார்க்க முடியும்.

உத்தமபாளையம் ஹவுதியா கல்லூரியிலும் மற்றக் கல்லூரிகளிலும் அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். பெரியகுளத்துக்கு மேலே கொடைக்கானல் மலையில் 1899-ல் நிறுவப்பட்ட ஆய்வகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்துவைத்திருக்கிறது. எடுத்தவர்கள் நினைத்திராத கேள்விகளுக்கு இன்று அந்தப் படங்கள் பதில் தருகின்றன. அஸ்ஸூஃபியின் ஒளி மதிப்பீடுகளும் அப்படியே. ஆயிரம் ஆண்டுகளில் எந்த விண்மீனின் ஒளி மாறியது என்று அறிய ஆய்வாளர்கள் இன்றும் அவர் அட்டவணையைப் புரட்டுகிறார்கள். அந்த நூல் 1874-ல் பிரெஞ்சு மொழிக்குச் சென்றது. சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரின் ஐரோப்பிய வடிவமான அஸோஃபி சூட்டப்பட்டிருக்கிறது. நேர்மையான பதிவுக்கு அல்லாஹ் தந்த பரக்கத் இது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்னோரின் பெருமையைப் பேசும்போது அவர்கள் சொல்லாததை அவர்கள் மீது ஏற்ற வேண்டாம். கண்டதற்கும் கேட்டதற்கும் இடையே அவர் அவ்வளவு கவனமாகக் கோடு போட்டுவைத்தார். கைபேசியில் ஒரு வரியை அனுப்பும் முன் அந்தக் கோட்டை நாம் நினைத்தாலே போதும்.

பார்த்ததை உள்ளபடி சொல்லும் நாவையும், அறியாததை அறியேன் என்று சொல்லும் துணிவையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.